கடல்நீர்த் தொட்டியிற் படரும் கபிலப் பாசி

இரத்மலானையிலிருந்து தெகிவளை மிருகக்காட்சிச்சாலை நெடுந்தொலைவன்று. 1936 ஆம் ஆண்டில் அரசு பொறுப்பேற்ற அச்சாலையின் மீன்காட்சிக்கூடத்தை நமது கல்லூரி மாணவருட் காணாதார் மிகச் சிலரே. கண்ணாடிக்கு அப்பால் நீந்தும் கடல்மீன்களைக் கண்டு மீளும் சிறுவன், வீட்டிலும் அத்தகைய தொட்டி ஒன்று வேண்டுமெனத் தந்தையை நச்சரிப்பது இயல்பு. எம் மைந்தனும் நச்சரித்தான்; யாமும் இசைந்தோம். அதன் பின்னர் நிகழ்ந்ததையும், அதனால் யாம் கற்றதையும் ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கு விஞ்ஞானத்தில் என்ன வேலை என வினவும் அன்பர்க்கு ஒன்று கூறுவோம்: எமது அறியாமையால் இரண்டு உயிர்கள் மாண்டன. அவ்வறியாமை பிறர் இல்லங்களிலும் இருத்தல் கூடும்.

எமது தொட்டி மூன்றடி நீளமும் ஓரடி அகலமும் பதினைந்து அங்குல உயரமும் உடையது. ஏறக்குறைய 100 லீற்றர் நீர் கொள்வது. கடையில் விற்கும் கடலுப்பைக் குழாய்நீரிற் கரைத்து நிரப்பி, வெண்மணல் பரப்பி, கற்களை அடுக்கி, சில நாட்களில் இரண்டு கோமாளி மீன்களையும் விட்டோம். பன்னிரண்டாம் நாட் காலையில் வெண்மணலின்மேல் துருப்பொடி தூவினாற் போன்று ஒரு கபில நிறப் படலம் தோன்றிற்று. மாலைக்குள் கண்ணாடியும் மங்கியது. தொட்டி அழுக்கடைந்துவிட்டதென முடிவு செய்த யாம், மணலையும் கற்களையும் வடிகருவியின் பஞ்சையும் வெளியே எடுத்துக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவி, நீர் முழுவதையும் மாற்றினோம். கண்ணாடி பளிச்சிட்டது. நான்காம் நாள் மீன்கள் இரண்டும் இறந்தன. அடுத்த கிழமையில் அதே கபிலப் படலம் மீண்டும் வந்து சேர்ந்தது!

அப்படலத்திற் சிறிது வழித்தெடுத்து, விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் அதனை 400 மடங்கு பெருக்கும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் காட்டினார். அழுக்கு என்று யாம் இகழ்ந்தது அங்கே பொன்னிற ஓடங்களின் கூட்டமாயிருந்தது. துடுப்பின்றியே அவை மெல்ல மெல்ல நகர்ந்தன. இவையே தயற்றம் எனப்படும் ஒற்றைக்கலப் பாசிகள். இரண்டாக வெட்டப்பட்டது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் வந்தது அப்பெயர். ஓடவடிவினவற்றுள் ஓரினத்துக்கு நவிக்குலா என்று பெயர். இலத்தீன் மொழியில் சிற்றோடம் என்பதே அதன் பொருள். பெயரிட்டவர் கண்ணும் எம் கண்ணும் ஒன்றையே கண்டன போலும்.

தயற்றத்தின் கலச்சுவர் சிலிக்காவால் ஆயது. கண்ணாடிக்கும் மூலப்பொருள் அதுவே. நம் இல்லங்களிற் குங்குமச் சிமிழ் உண்டன்றோ? அதன் மூடி அடிப்பகுதியைத் தழுவி அமர்ந்திருப்பது போலவே இச்சுவரின் இரு பாதிகளும் ஒன்றையொன்று தழுவி அமையும். உயிர் இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு சேயும் ஒரு பாதியைப் பெற்று, அதனை மூடியாகக் கொண்டு புதிய அடிப்பகுதி ஒன்றை உள்ளே கட்டிக்கொள்ளும். தாயின் அடிப்பகுதியை மூடியாகப் பெற்ற சேய் தாயினும் சிறிதாதல் தவிர்க்கவொண்ணாதது. இவ்வாறு தலைமுறை தோறும் குறுகி, ஓரளவிற்கு மேற் குறுகவியலாத நிலை எய்தியதும், பழைய சுவரைக் களைந்து பருத்து, மீண்டும் முழு அளவிற் புதிய சிமிழைச் செய்துகொள்ளும் இனங்கள் பல. பச்சையத்தை மறைத்து நிற்கும் பியூக்கோசாந்தின் என்னும் நிறப்பொருளே இவற்றின் கபில நிறத்துக்குக் காரணமாம்.

உலகில் ஒளித்தொகுப்பால் உண்டாகும் ஒட்சிசனில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இவ்வுயிர்கள் தருவது. இவை மடிந்து படிந்த மண்ணில் நைத்திரோகிளிசரினை ஊறவைத்தே அல்பிரட் நோபெல் 1867 இல் தைனமைற்றை ஆக்கினார். நம்மவரும் இத்துறையிற் பின்தங்கியவரல்லர். சென்னைக் கடற்கரையின் மிதக்கும் தயற்றங்களை ஆர். சுப்பிரமணியன் முறைப்பட ஆராய்ந்து 1946 இல் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி. வி. தேசிகாச்சாரி தயற்றங்களின் படத்தொகுதிகளை 1980 களிற் பதிப்பித்தார். தமிழ் மாணவர் இவ்விருவர் பெயரையும் அறிந்திருத்தல் நன்று.

இனி, புதிய தொட்டியில் இவை திரள்வதேன்? தயற்றத்துக்கு ஒளியும் நைத்திரேற்று, பொசுபேற்று முதலிய ஊட்டங்களும் வேண்டும். மற்றைப் பாசிகளுக்கும் இவை வேண்டுவனவே. தயற்றத்துக்கு மேலதிகமாக வேண்டுவது சிலிக்கேற்று. பாறைகள் கரைந்து ஆற்றுநீரிற் சிலிக்கேற்று சேர்கின்றது. கொழும்பின் குடிநீரிற் பெரும்பகுதி களனியாற்றினின்றும் அம்பத்தளையில் எடுத்துத் தூய்மை செய்யப்படுவது. அத்தூய்மை நாம் பருகுவதற்கானது. கரைந்த சிலிக்கேற்றை முற்றாக நீக்குவதன்று. எனவே குழாய்நீரால் நிரப்பிய தொட்டி தயற்றத்துக்கு விருந்தாகின்றது. வேறு பாசிகளும் பற்றீரியாக்களும் இன்னும் குடியேறாத வெற்றிடமும் அங்கே உண்டு. போட்டியில்லாக் களத்தில் விரைந்து பெருகுவது முந்திக்கொள்கின்றது.

எம் மீன்களைக் கொன்றது தயற்றமன்று என்பதை இப்பொழுது மாணவர் உணர்ந்திருப்பர். மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும், அது நஞ்சு. மணலிலும் கல்லிலும் வடிபஞ்சிலும் வாழும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றும். இக்குடியிருப்பு நிலைபெற நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். யாமோ பன்னிரண்டாம் நாளிலேயே அதனைக் குளோரீன் கலந்த குழாய்நீராற் கழுவி அழித்தோம். நிலைபெறாத தொட்டியில் மீனை விட்டது முதற்பிழை. கழுவியது இரண்டாம் பிழை.

இரண்டாம் முறை மீனின்றியே தொட்டியை அமைத்தோம். கபிலப் படலம் முன்போலவே வந்தது. கண்ணாடியின் முன்முகத்தை மட்டும் துடைத்தோம். மணலின் மேற்படையை மெல்லிய குழாயால் உறிஞ்சி, கிழமைக்கொருமுறை பத்திலொரு பங்கு நீரை மாற்றினோம். விளக்கை நாளொன்றுக்கு எட்டு மணிக்கு மேல் எரிய விடவில்லை. ஏழாம் கிழமையிற் படலம் தானே மெலிந்தது. உண்பதற்கு எஞ்சிய சிலிக்கேற்று அருகியதும் கூட்டம் கலைந்தது.

ஆனால் ஒரு வாயில் திறந்தேயிருந்தது. கொழும்பின் வெப்பத்தில் தொட்டிநீர் நாளும் ஆவியாகும். உப்பு ஆவியாகாதாகையால், குறைந்த அளவை நன்னீரால் ஈடுசெய்தல் வேண்டும். அந்நன்னீர் குழாய்நீராயின் ஒவ்வொரு குவளையும் புதிய சிலிக்கேற்றைக் கொணர்ந்து சேர்க்கும், பாசியும் ஓயாது. ஆகவே மக்கள் ஆர்.ஓ. என வழங்கும் வடிகருவியின் நீரையும், இயலுமாயின் அதன் பின் அயன்நீக்கும் பிசினூடு சென்ற நீரையும் வார்க்க வேண்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. நீரிற் கரைந்தவற்றை அளக்கும் சிறு மின்மானி சிலிக்கேற்றைக் காட்டிக்கொடாது. அது பெரும்பாலும் மின்னேற்றமற்ற சிலிசிக்கமிலமாகவே கரைந்திருப்பதால். பிசின் தேய்ந்ததும் முதலில் நழுவி வருவதும் அதுவே. மானி பூச்சியத்தைக் காட்டியும் பாசி குறையவில்லையெனிற் பிசினை மாற்றிப் பார்த்தல் தகும். மழைநீரிற் சிலிக்கேற்று மிக அரிது. எனினும் கூரைத் தகட்டில் வழிந்த நீர் உலோகங்களைக் கொண்டு வருமாதலால் அதனை யாம் பரிந்துரையோம்.

வெள்ளவத்தையிற் கடல் அருகேயிருக்க உப்பை விலைகொடுத்து வாங்குவானேன் என்பாரும் உளர். கடல்நீர் நன்றே, ஆயினும் வாய்க்கால்கள் கடலிற் கலக்கும் இடத்துக்கு அண்மையிலும், மழை பெய்த மறுநாளிலும் அள்ளுதல் ஆகாது. நகரின் கழிவு அந்நீரில் ஊட்டமாய் நிறைந்திருக்கும். கற்களுக்காகப் பவளப்பாறையை உடைத்தெடுத்தலோ நம் நாட்டிற் சட்டத்துக்கு மாறானது.

கபில நிறமெல்லாம் தயற்றமும் அன்று. விரலாற் தடவியதும் பொடியாய்க் கலைந்து போவது தயற்றம். செங்கருமையான தோல்போற் படர்ந்து, தாளைப் போல் உரிந்து வருவது நீலப்பச்சைப் பற்றீரியா. கபில நிறக் கோழைபோல் இழையிழையாய்த் தொங்கி, இழைநுனிகளிற் குமிழிகளைத் தாங்கி, இரவிற் குறைந்து பகலில் மீள்வதாயின் அது தைனோபிளாசெல்லேற்று என ஐயுறல் வேண்டும். அதனை மேய்ந்த நத்தைகள் மடிதலும் உண்டு. பின்னைய இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஊட்டத்தை ஒரேயடியாகக் குறைத்தால் மூன்றாவது ஓங்குவதும் உண்டெனத் தொட்டி வளர்ப்போர் கண்டுள்ளனர்.

தயற்றத்தை மேய்வதற்குக் கடல்நத்தைகள் நல்ல துணை. எமது அளவுத் தொட்டிக்கு ஐந்தாறு போதும். படலம் தோன்றிய பின்னரே, தொட்டிநீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கி, அவற்றை விடுதல் வேண்டும். படலம் ஒழிந்ததும் அவை பட்டினியால் மடியாதிருக்கக் காய்ந்த கடற்பாசித் தாளில் ஒரு துண்டு இடுக. யாம் இன்னும் எளிய வழியொன்றைக் கைக்கொண்டுள்ளோம்: கண்ணாடியின் பின்முகத்தைத் துடைப்பதேயில்லை. விருந்தினர் சிலர் அதனைச் சுட்டிக்காட்டி நகைப்பர். இரவில் விளக்கணைந்த பின் நத்தைகள் அங்கேதான் கூடுகின்றன.