ஆங்கில ஒலி பழகுவோம்



‘பல்’, ‘அம்பு’ என்னும் சொற்களை ஒலித்துப் பாருங்கள். பகரம் ஒன்றே, ஒலியோ இரண்டு. முன்னதில் இதழ் திறந்த பின்னரே தொண்டை அதிரும். பின்னதில் இதழ் மூடியிருக்கும்போதே அதிரும். ஆங்கிலத்தில் இவ்விரண்டும் தனித்தனி எழுத்துகள். சொல்லின் முதலில் வந்து பொருளையே மாற்றும். தேக்கா சந்தையில் பேரிக்காய் கேட்பவர் ஒலி பிறழ்ந்தால், கரடியைக் கேட்டவராவார்! ‘பேரிக்காய்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தொடங்கும்போது உள்ளங்கையில் மூச்சுக்காற்று பட வேண்டும். ‘கரடி’க்கு அவ்வாறு படலாகாது.

மூன்றாவது ஒலியை ‘ஃப’ என்று எழுதுகிறோம். இதற்கு இதழ்கள் இரண்டும் கூடுதல் ஆகாது. மேற்பற்கள் கீழிதழைத் தொட, இடையே காற்றை விடுக.

பயிற்சிக்கு லிட்டில் இந்தியாவே போதும். ‘பஃபலோ ரோடு’ அம்பின் பகரத்தில் தொடங்கி, அடுத்து ‘ஃப’ ஒலியைப் பெறும். 2003இல் திறக்கப்பட்ட ‘ஃபேரர் பார்க்’ நிலையத்தின் பெயரில் முதற்சொல் ‘ஃப’ ஒலியிலும், அடுத்த சொல் பல்லின் பகரத்திலும் தொடங்கும். ‘கேம்பல் லேன்’ பலகையில் இரண்டு பகர எழுத்துகளும் அடுத்தடுத்து நிற்கும், முன்னது ஒலிப்பதில்லை.

பெற்றோரே! 1987ஆம் ஆண்டில் தேசியப் பள்ளிகள் யாவும் ஆங்கிலத்தை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்டன. பிள்ளையின் பிழையைத் திருத்துங்கள், நகைக்காதீர்கள். நகைப்புக்கு அஞ்சிய நா பேசவே மறுக்கும். பிறர் அரிதென்னும் ழகரத்தைப் பயின்ற நாவுக்கு எவ்வொலியும் பழக்கத்தால் கைகூடும்.