எடை குறைந்தபின் மீண்டும் குதிரையேற்றம்
பெருமளவில் எடை குறைந்தவருக்குக் கொழுப்போடு தசையும் கரைந்திருக்கும் என்பதால், சேணத்தில் உடலை நிலைநிறுத்தும் உள்தொடை, வயிறு, முதுகுத் தசைகளைச் சில வாரங்கள் பயிற்சியால் வலுப்படுத்திய பின்னர், பயிற்றுநர் நீண்ட கயிற்றைப் பிடித்துக் குதிரையை வட்டமாக நடத்த, மெதுநடையில் மட்டும் தொடங்குவதே நன்று. பழைய அகன்ற சேணத்தில் இடுப்பு வழுக்குமாதலால், அதனையும், பாதம் ஊன்றும் வளையமாகிய அங்கவடியின் நீளத்தையும், தலைக்கவசத்தையும் புதிய உடலளவுக்கேற்பச் சரிபார்க்க வேண்டும். தளர்ந்த தோல்மடிப்புகள் உராய்ந்து புண்ணாகாமலிருக்க, உள்தொடையில் தையலற்ற இறுக்கமான காற்சட்டை உதவும். குதிரையின் நலனும் கருதத்தக்கதே: ஏறுபவரும் சேணமும் சேர்ந்து அதன் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு, 500 கிலோ குதிரைக்கு இது 100 கிலோ. எடைக்குறைப்புக்காக இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கக்கூடும். விழுந்தால் எலும்பு முறியும் அபாயம் கூடுதலாதலால், அவர்கள் குதிரையேறுமுன் எலும்படர்த்திப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் அவசியம் கலந்துபேச வேண்டும்.