மனச்சோர்வுக்கு மருந்து: நான் கற்ற பாடம்

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் விழுங்குகிறோம்; காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுகிறோம். எல்லா மருந்தும் அப்படித்தான் என்று நானும் நினைத்தேன். அந்த நினைப்பு என் தீபாவளி ஒன்றைக் கெடுத்தது. நண்பர்களே, அதையே இங்குப் பாடமாக எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் எனக்குத் தூக்கம் போயிற்று. விரிவுரைக்குப் போக மனம் வரவில்லை. தேர்வை நினைத்தாலே நெஞ்சு படபடத்தது. சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொண்டேன். விடுதி அறைத்தோழிதான் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். மனச்சோர்வும் பதற்றமும் என்றார் மருத்துவர். செர்ட்ராலைன் மாத்திரை எழுதித் தந்தார்.

மருந்து என்ன செய்கிறது?

மூளையின் நரம்பணுக்கள் செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் வேதிப்பொருள்களில் ஒன்று செரோட்டோனின். வேலை முடிந்ததும் நரம்பணு அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். செர்ட்ராலைன், ஃபுளுவாக்செட்டின் போன்ற மாத்திரைகள் அந்த உறிஞ்சுதலைத் தடுக்கின்றன. ஆனால், மனம் தெளியத் தொடங்க 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம். முழுப் பயன் தெரிய இன்னும் சில வாரங்கள் பிடிக்கும். குமட்டல், தலைவலி, தூக்கக்குறைவு முதலிய பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் மருந்தைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான்.

நம் வயதினர் அறிய வேண்டியது இன்னொன்று. இம்மருந்துகளைத் தொடங்கும் சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் எச்சரித்தது. 2007இல் 24 வயது வரையுள்ள இளையோரையும் அதில் சேர்த்தது. இதற்காக மருந்தை அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை. முதல் வாரங்களில் மருத்துவரை அடிக்கடி பார்க்க வேண்டும். அத்தகைய எண்ணம் எழுந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும்.

என் தவறு

இரண்டு மாதத்தில் நன்றாகத் தேறினேன். தீபாவளி விடுமுறையில் அம்மா மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார். "இதெல்லாம் பழகிடும்மா. நீதான் இப்ப நல்லா இருக்கியே?" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. அன்றே நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலை சுற்றியது. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போலிருந்தது. விருந்தினர் முன்னிலையில் அம்மாவிடம் கத்திவிட்டு அழுதேன்.

மருத்துவர் திட்டவில்லை. "நல்லா இருந்ததே மருந்தாலதான்," என்றார். இது போதைப் பொருளைப் போல ஏக்கத்தை உண்டாக்கும் மருந்தன்று. ஆனால், மூளை அதற்குப் பழகியிருப்பதால் அளவைச் சிறுகச் சிறுகத்தான் குறைக்க வேண்டும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடர வேண்டும். இல்லாவிட்டால் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம் என்று விளக்கினார்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். ஒரு வேளை மறந்தால், மறுவேளை இரண்டாக விழுங்காதீர்கள்.

2. வேறு எது சாப்பிட்டாலும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ சொல்லுங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்து, டிரமடோல் வலிமாத்திரை, செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை ஆகியவை சேர்ந்தால் செரோட்டோனின் அளவுமீறலாம். நடுக்கம், காய்ச்சல், குழப்பம் ஒன்றாக வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஐபுபுரோஃபென் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். மதுவைத் தவிருங்கள்.

3. உங்கள் மாத்திரையை நண்பருக்குக் கொடுக்காதீர்கள். இருதுருவ மனநோய் உள்ளவருக்கு இதை மட்டும் கொடுத்தால் மிதமிஞ்சிய எழுச்சி நிலை உண்டாகலாம்.

4. பக்கவிளைவு தாங்க முடியாவிட்டால் மருந்தையோ அளவையோ மாற்றித் தருவார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்த முறை அம்மாவையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். தம் ஐயங்களையெல்லாம் அவரே கேட்டுத் தெளிந்தார். அதன்பின், அப்பாவிடம் இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிக் கேட்பது போலவே, தொலைபேசியில் என்னிடமும் "மாத்திரை போட்டியா?" என்று கேட்கலானார். ஓராண்டுக்குப் பின் மருத்துவர் சொன்னபடி மூன்று மாதங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். இம்முறை தலை சுற்றவில்லை.

உங்கள் அறைத்தோழர் விரிவுரைக்கு வராமல் படுத்தே கிடந்தால், சோம்பேறி என்று சொல்லுமுன் ஒரு வார்த்தை விசாரியுங்கள். மலேசியாவில் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை எண் 15555. சிங்கப்பூரில் சமாரியர் சங்கத்தின் எண் 1767. எண்ணைக் கொடுப்பதோடு நிற்காமல், முடிந்தால் மருத்துவரிடம் கூடவே போங்கள். என் தோழி அப்படித்தான் வந்தாள்.