அகதிக்கு நாடு எது?

‘கதி’ என்பது புகலிடம். அஃது அற்றவன் அகதி. நாற்பதாண்டுகளாக ஒரே மண்ணில் வாழ்பவனையும் அப்பெயரால்தான் அழைக்க வேண்டுமா? நம் காஞ்சித் தறிக்கூடங்களில் தெலுங்கு பேசும் நெசவாளர் உளர். அவர்தம் முன்னோர் எப்போது வந்தனர் என்று எவரும் கேட்பதில்லை. அன்று கடவுச்சீட்டு இல்லை என்பது உண்மைதான்.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் இலங்கைத் தமிழர் இலட்சக்கணக்கில் இங்கு வந்தனர். திரும்பியோர் போக, ஐம்பதாயிரத்திற்கு மேற்பட்டோர் மண்டபம், கொட்டப்பட்டு, கும்மிடிப்பூண்டி போன்ற முகாம்களில் தங்கிவிட்டனர். மாநில அரசு உதவித்தொகையும் வீடும் தரலாம். குடியுரிமை தருவது மத்திய அரசே.

1955ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அந்நாள் முதல் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். ஆகவே ஒரே குடிசையில் பிறந்த அண்ணன் இந்தியன், தங்கை அயல்நாட்டினள்! 2003ஆம் ஆண்டுத் திருத்தம் முடிச்சை மேலும் இறுக்கியது. உரிய ஆவணமின்றி வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ ஆனார். எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அவர் விண்ணப்பிக்க இயலாது. அவரை நம்மூர்ப் பெண்ணொருத்தி மணந்து, 2004 டிசம்பர் 3 முதல் குழந்தை பெற்றிருந்தால், அக்குழந்தைக்கும் பிறப்பால் குடியுரிமை இல்லை. குண்டு விழும் வேளையில் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நிற்பார் உண்டோ?

உரிமை உள்ளவர்க்கும் அஃது எளிதில் கிட்டவில்லை. 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண், கடவுச்சீட்டுக்காக உயர்நீதிமன்ற மதுரைக் கிளையை நாடி 2022இல் வென்றார். அவர் முதன்முறை வாக்களித்தது 2024இல்.

மலையகத் தமிழர் நிலை இன்னும் வேதனையானது. தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகச் சிற்றூர்களிலிருந்து சென்றோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். 1948இல் இலங்கைச் சட்டம் இவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வழியில் வராமல், பின்னர்ப் போருக்கு அஞ்சிப் படகில் வந்தவர் அகதியாகவே நின்றுவிட்டார். பாட்டன் ஊருக்கே பேரன் அகதி!

2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றிலிருந்து வந்த சில சமயத்தாருக்குச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்னும் தடையை நீக்கியது. இலங்கை அதில் இல்லை. தடையை நீக்க வழி உண்டு, மனம்தான் வேண்டும்.

எல்லோரும் இங்கே குடிமக்களானால் ஈழத்தில் தமிழர் தொகை குன்றும் என்பார் உளர். இது தள்ளத்தக்க வாதமன்று. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லையாதலால், இங்கு குடிமகனாவோர் அங்குள்ள உரிமையை இழக்க நேரும். எனவே எவர் மீதும் இதைத் திணித்தல் ஆகாது. கேட்பவருக்கு மறுத்தலும் ஆகாது. தாய்நிலம் திரும்புவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவரே. மேடையில் பேசும் நாமல்லோம்.

2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து 2025இல் விலக்கு அளிக்கப்பட்டது. நன்று. ஆனால் நம் வயதினர் ஒருவர் முகாமிலிருந்து படித்துப் பட்டம் பெற்றாலும், நாம் எழுதும் அரசுப் பணித் தேர்வை அவர் எழுத முடியாது. பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சுவருக்கு வண்ணம் பூசப் போகிறார்.