பழைய பவர் டில்லருக்குப் புது வர்ணம்

நஞ்சைப் பகுதிகளில் பழைய பவர் டில்லர் ஒன்று மாட்டுக் கொட்டகையின் மூலையில் துருவேறி நிற்பதைப் பல ஊர்களில் காணலாம். 1967-ல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனமும், 1973-ல் கேரளத்தில் தொடங்கிய காம்கோவும் ஜப்பானிய முறையில் தயாரித்து விற்ற இயந்திரங்கள் இன்னும் உழைக்கின்றன. எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தும், மட்கார்டு ஓட்டையாகிவிட்டது என்பதற்காக இவற்றைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. வீட்டிலேயே புதுப்பிக்கலாம்.

எஞ்சின், கிளட்ச், கியர் பெட்டி ஆகியவற்றின் பழுதையும் ஆயில் கசிவையும் முதலில் சரிசெய்ய வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் வர்ணம் ஒட்டாது. சேற்றைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெயில் பிரஷ் தோய்த்துப் பிசுக்கைப் போக்கி, பின்பு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும்.

அடுத்து பழைய வர்ணத்தைச் சுரண்டும் வேலை. இங்கேதான் எச்சரிக்கை தேவை. பழைய வர்ணங்களில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், ஈயம் கலந்திருக்கக்கூடும். வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதுவும் வீட்டு, அலங்கார வர்ணங்களுக்கு மட்டுமே. ஆகவே பழைய இயந்திரம் எதிலும் ஈயம் இருப்பதாகவே எண்ணி நடப்பது நல்லது.

உதிரும் வர்ணச் செதிலை மாடு நக்கும். கன்று இன்னும் ஆவலாக நக்கும். ஈயம் ஏறிய கன்று கண் தெரியாமல் சுவரில் முட்டும், பல்லைக் கடிக்கும், வலிப்பு வந்து இறந்தும் போகலாம். தவழும் குழந்தைக்கும் இதே ஆபத்து உண்டு. எனவே டில்லரைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவந்து, கீழே தார்ப்பாய் விரித்து, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசி மூச்சில் ஏறும். தீ காட்டி வர்ணத்தை எரிக்கவே கூடாது. சேர்ந்த கழிவை மூடியுள்ள டின்னில் அடைத்துத் தனியே வைக்கவும். எருக்குழியில் கொட்டினால் அது வயலுக்கே வந்து சேரும்.

மட்கார்டு, கருவிப் பெட்டி போன்ற இரும்புத் தகடுகளில் ஆழமாக ஏறிய துருவுக்கு எளிய வழி ஒன்று உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 2 அல்லது 3 மேசைக்கரண்டி சலவை சோடா கரைக்க வேண்டும். சாப்பாட்டு உப்பு கூடாது. துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகடிவ் முனையிலும், கழிவு இரும்புத் துண்டு ஒன்றைப் பாசிடிவ் முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் தொட்டியில் தொங்கவிட வேண்டும். முனை மாறினால் நல்ல பாகம்தான் அரிக்கப்படும். பாசிடிவ் பக்கம் எவர்சில்வர் துண்டு வைத்தால் தண்ணீரே விஷமாகும். துத்தநாகம் பூசிய தகடும் வேண்டாம். குமிழியாக வருவது தீப்பற்றும் வாயு. ஆகவே திறந்த வெளியில் வைக்கவும். அருகில் பீடி பற்றவைக்கக் கூடாது. சார்ஜரை அணைத்த பிறகே தண்ணீரில் கை வைக்கலாம். ஓரிரவில் துரு கறுத்துத் தளர்ந்து, பிரஷுக்கே வந்துவிடும். அலுமினியப் பாகங்களையும், ஸ்பிரிங், ரோட்டரி பிளேடு போன்ற கடின எஃகையும் இதில் போட வேண்டாம். பின்னவை நொறுங்கும் தன்மை அடையலாம்.

கழுவிய தகட்டை உடனே துடைத்து வெயிலில் காயவைத்து அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் பூசவும். மறுநாளைக்கு என்று விட்டால் புதுத் துரு படரும்.

பெல்ட் ஓடும் பள்ளம், கிரீஸ் நிப்பிள், ஆயில் மூடியின் காற்றுத் துளை, ரேடியேட்டர் தகடுகள் ஆகியவற்றில் வர்ணம் படக்கூடாது. எஞ்சின் எண் பொறித்த தகட்டின் மேல் காகிதம் ஒட்டி மறைக்கவும். உதிரி பாகம் வாங்கும்போது அந்த எண் தேவைப்படும். சைலன்சருக்குச் சாதாரண எனாமல் தாங்காது, சூடு தாங்கும் அலுமினியப் பெயிண்ட் வேண்டும்.

எனாமலை ஒரே பூச்சாகக் கனமாக அப்பினால் வழியும். மெல்லிய பூச்சாக இரண்டு முறை, இடையில் ஓரிரவு காயவிட்டுப் பூசவும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை இதற்கு ஆகாது. பங்குனியில் பனி விலகிய காலை நேரம் ஏற்றது. உச்சி வெயிலில் பூசினால் கொப்புளம் கிளம்பும்.

புது வர்ணம் மின்னும் பழைய டில்லரை விலைக்குக் கேட்பவர்கள், மட்கார்டின் அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்ப்பது நல்லது. துருவின் மேலேயே பூசியிருந்தால் செதில் உதிரும். வீட்டில் பூசியதை ஒரு வாரமாவது நன்றாக இறுகவிட்டுச் சேற்றில் இறக்க வேண்டும்.