பழைய கண்ணாடி பாட்டில்களைச் சுத்தம் செய்வது எப்படி?

மளிகைக் கடையானாலும், நாட்டு மருந்துக் கடையானாலும் பழைய பாட்டில்களும் மிட்டாய் ஜாடிகளும் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். அவற்றை வீட்டில் கொடுத்துக் கழுவி வாங்கி, மீண்டும் சரக்கு போட்டு வைப்பது நம்மில் பலருக்கு வழக்கம். கண்ணாடி எண்ணெயையோ மணத்தையோ உறிஞ்சுவதில்லை. ஆகவே முறையாகக் கழுவினால் பல ஆண்டுகள் உழைக்கும். வணிகர்கள் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. முதலில் பாட்டிலில் முன்பு என்ன இருந்தது என்று பாருங்கள். பூச்சிமருந்து, பினாயில், ஆசிட் இருந்த பாட்டிலையும், என்ன இருந்தது என்றே தெரியாத பாட்டிலையும் உணவுப் பொருளுக்குப் பயன்படுத்தவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அதை நம்ப முடியாது.

2. வாய்ப்பகுதியைச் சுற்றிப் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிடவும்.

3. லேபிளை உரிக்க, வெதுவெதுப்பான நீரில் சலவை சோடா கலந்து ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். எஞ்சிய பசை மீது தேங்காய் எண்ணெய் தடவி, சற்று நேரம் கழித்துத் துணியால் துடைத்தால் வந்துவிடும்.

4. எண்ணெய்ப் பிசுக்குக்கு ஒரு கைப்பிடி அரிசி, கால் பாட்டில் வெந்நீர், சிறிது சோப்புத்தூள் போட்டுக் குலுக்கவும். மணல் போடக் கூடாது. அது கீறல் விழச் செய்து கண்ணாடியைப் பலவீனமாக்கும்.

5. உப்புத் தண்ணீரால் படிந்த வெள்ளைக் கறைக்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு ஊற்றி இரவு முழுவதும் வைக்கலாம். அதற்கும் மங்கல் போகாவிட்டால் கண்ணாடியே அரித்துப் போயிருக்கலாம்.

6. குளிர்ந்த பாட்டிலில் கொதிநீரை ஊற்றாதீர்கள். உட்புறம் சட்டென்று விரிய, வெளிப்புறம் விரியாமல் நிற்பதால் பாட்டில் வெடித்துவிடும். வெதுவெதுப்பான நீரில் தொடங்கிப் படிப்படியாகச் சூட்டைக் கூட்டவும்.

7. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். வினிகருடனும் சேர்க்காதீர்கள். அதில் கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். வீட்டில் பாட்டில் கழுவுவோரிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

8. நாற்றம் பெரும்பாலும் மூடியிலும் ரப்பர் வளையத்திலும்தான் தங்கும். தக்கை, ரப்பர், துருப்பிடித்த மூடி ஆகியவற்றை மாற்றிவிடுங்கள்.

9. கடைசியாக நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, சுத்தமான துணி மீது கவிழ்த்து வைத்து, பிறகு வெயிலில் காய வையுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் பொடி வகைகள் கட்டிபட்டுப் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். குளிர்பான பாட்டிலில் பினாயில், மண்ணெண்ணெய், ஆசிட் ஆகியவற்றை ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் எங்கே இருந்தாலும் நிறுத்தப்பட வேண்டும். குளிர்பானம் என்று நினைத்துக் குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து இருக்கிறது. வாடிக்கையாளரே காலி பாட்டிலைக் கொண்டுவந்து கேட்டாலும், பக்குவமாகக் காரணம் சொல்லி மறுத்துவிடுங்கள். அந்த ஒரு விற்பனை போனாலும் பரவாயில்லை.