இருமல் ராத்திரிகளின் தோழி

அன்புள்ள மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரி விட்டு வந்ததும் கீழ்வீட்டுப் பையனைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறாய். கைச்செலவுக்கு ஆகும், நல்லதுதான். ஆனால் எட்டு வயதிலேயே வியாழனின் நிலவுகளை வரிசையாக ஒப்பிக்கிறான், மற்றப் பிள்ளைகளோடு சேர்வதே இல்லை, "இவனுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது மாமா?" என்று கேட்டிருக்கிறாய். எடின்பரோவில் நூற்றெழுபது வருஷத்துக்கு முன்பு இருந்த ஓர் ஆயாவைப் பற்றிச் சொல்கிறேன். நீ 'புதையல் தீவு' படித்தவள். அதை எழுதியவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1850 நவம்பர் 13 அன்று பிறந்தான். அப்பா தாமஸ் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். தாத்தாவுக்கும் அதே வேலை. கடல் நடுவே பெல் ராக் பாறைமேல் கலங்கரை விளக்கம் கட்டியவர் அவர். வசதியான வீடு, ஒரே பிள்ளை. அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம், அடிக்கடி படுத்துவிடுவாள். பிள்ளைக்கும் அதே நெஞ்சு வாய்த்தது. முதலில் வந்த ஆயாக்கள் நிலைக்கவில்லை. அவர்களில் ஒருத்தி குழந்தையைப் பொட்டலம் மாதிரி சுற்றிச் சாராயக்கடைப் பலகையில் வைத்துவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள் என்று வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. 1852இல் வந்தவள்தான் அலிசன் கன்னிங்ஹாம். ஃபைஃப் பகுதியில் டோரிபர்ன் என்ற ஊர்க்காரி. வயது முப்பதை ஒட்டி. கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பையன் அவளைக் 'கம்மி' என்று கூப்பிட்டான்.

இரண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்தால் ஒன்றும் தேறாது. அவள் கால்வினிய மதக் கட்டுப்பாட்டில் ஊறியவள். நாடகக் கொட்டகை பாவம், சீட்டு பாவம், நாவலும் பாவம். அவனோ பென்சில் பிடிக்கத் தெரிவதற்கு முன்பே கதை கட்டுகிறவன். ஆறு வயதில், மோசேயின் வரலாற்றை நன்றாக எழுதும் பிள்ளைக்குப் பரிசு என்று பெரியப்பா ஒருவர் அறிவிக்க, இவன் வாயால் சொல்லச் சொல்ல அம்மா எழுதினாள். படங்களை அவனே வரைந்தான். அதில் இஸ்ரவேலர்கள் வாயில் புகைக்குழாய் வைத்திருக்கிறார்கள்! பள்ளிக்கூடமோ, காய்ச்சல் வந்து வந்து பாதி நாள் கிடையாது. ஒரு குளிர்காலம் முழுக்க பாப் என்ற ஒன்றுவிட்ட அண்ணன் வந்து தங்கியபோதுதான் அவனுக்குச் சரிக்குச் சரியான விளையாட்டுத் துணை கிடைத்தது. பாப் போனபிறகு மறுபடி படுக்கை, இருமல், ஜன்னல்.

அந்த ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். 1857இல் அவர்கள் ஹெரியட் ரோ தெருவில் 17ஆம் எண் வீட்டுக்குக் குடிவந்தார்கள். எதிரே தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் இன்னொரு தெரு. ராத்திரியில் இருமல் நிற்காமல் அவன் தவிக்கும்போது அலிசன் அவனைப் போர்வையோடு தூக்கி ஜன்னலருகே கொண்டுபோவாள். இருட்டில் எதிர்வரிசையில் அங்கங்கே ஒன்றிரண்டு வீடுகளில் வெளிச்சம் தெரியும். அந்த வீடுகளிலும் நம்மைப்போல ஒரு நோயாளிப் பையனும் அவன் ஆயாவும் எப்போது விடியும் என்று காத்திருக்கிறார்கள்போல, என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். அப்புறம் நாட்டுப்புறத்திலிருந்து காய்கறி வண்டிகள் உருண்டு வரும் சத்தம். அது கேட்டால் ராத்திரி முடிந்தது என்று கணக்கு.

அவள் அங்கே ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை, கவனித்தாயா? 'தூங்கு, சரியாகிவிடும்' என்று வாயை அடைக்கவும் இல்லை. அவன் தனியாகப் படும் வேதனையை எடுத்து, எங்கோ இருக்கும் இன்னும் நாலு பிள்ளைகளோடு பங்கு வைத்தாள். வெளிச்சத்தைப் பார்த்து அதற்குப் பின்னால் ஆட்களை வைப்பதுதானே கதை எழுதுகிறவன் வேலை! அதை நாவலே பாவம் என்று நம்பிய ஒருத்தியோடு சேர்ந்து அவன் பழகினான். அப்பாவுக்கும் இதில் பங்கு உண்டு. பையன் பயந்து அலறினால் அவர் வந்து, வராத வண்டிக்காரனோடும் சத்திரக்காரனோடும் கற்பனையாகப் பேச்சுக்கொடுத்து அவனைச் சிரிக்கவைப்பார். ஆனால் அப்பா வந்துவிட்டுப் போகிறவர். விடியும்வரை இருந்தவள் அவள்.

சந்தோஷமான விஷயம் ஒன்றும் உண்டு. 'காசெல்ஸ் ஃபேமிலி பேப்பர்' என்று ஒரு வாரப் பத்திரிகை. குடும்பத்தோடு படிக்கத்தக்கது என்ற நம்பிக்கையில் அலிசன் அதை வாங்கி அவனுக்கு வாசித்துக்காட்டுவாள். தொடர்கதை சூடுபிடித்ததும் அவளுக்கு மனசாட்சி உறுத்தும். இது நாவலாகப் போய்க்கொண்டிருக்கிறதே! பத்திரிகை நிறுத்தப்படும். ஆனால் அடுத்து என்ன ஆயிற்று என்று தெரிந்தாகவேண்டுமே, இரண்டு பேருக்கும்தான். சனிக்கிழமை உலாவப் போகும்போது கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, புது இதழின் படத்தையும் அதன் கீழே உள்ள வரியையும் வைத்து மீதிக் கதையை ஊகித்துக்கொள்வார்கள். விதியை விதித்தவளும் அவளே, வேலியோரம் எட்டிப்பார்த்தவளும் அவளே. பிள்ளைக்கு அவள்மேல் ஒட்டுதல் வந்ததற்கு அவள் பக்தியைவிட இந்தச் சனிக்கிழமைகளே காரணமாக இருக்கும் என்பது என் கட்சி.

அவள் குரலைப் பற்றியும் சொல்லவேண்டும். வேதாகமம், சங்கீதங்கள், பதினேழாம் நூற்றாண்டில் தங்கள் திருச்சபைக்காக அரசனை எதிர்த்து உயிர்விட்ட கவனன்டர்களின் கதைகள் எல்லாவற்றையும் ஏற்ற இறக்கத்தோடு ஸ்காட்டியப் பேச்சில் சொல்வாள். பெரியவனான பிறகு ஸ்டீவன்சன், எனக்கு நாடகப் பைத்தியம் பிடித்தது உன்னால்தான் என்று அவளைச் சீண்டினானாம். நான் கொட்டகைப் படியே மிதித்ததில்லையே என்று அவள் பதற, நீ பாசுரம் சொன்ன அழகு போதாதா என்றானாம். விளையாட்டுப் பேச்சு என்று தள்ளமுடியாது. பதினாறு வயதில், 1866இல், அவன் பெயரில்லாமல் வெளியிட்ட முதல் சிறு புத்தகம் அந்தக் கவனன்டர்களின் பென்ட்லண்ட் எழுச்சியைப் பற்றியது. அச்சுச் செலவு அப்பாவுடையது. பையனின் அறையில் ஒரு மர அலமாரி இருந்தது, செய்தவர் டீக்கன் பிரோடி. பகலில் நகரசபை உறுப்பினர், தச்சர், ராத்திரியில் திருடர். 1788இல் தூக்கிலிட்டார்கள். அதைக் காட்டி அலிசன் கதை சொல்லுவாளாம். அவன் எழுதி 1886இல் வந்த 'டாக்டர் ஜெக்கில், மிஸ்டர் ஹைட்' கதையில் ஒரே ஆள் இரண்டு ஆளாக வாழ்வது உனக்குத் தெரியும்.

இதுவரை சொன்னதை வைத்து அவளைத் தெய்வமாக்கிவிடாதே. நரகத்தையும் அவள்தான் அவனுக்குக் காட்டினாள். தான் கடவுளுக்கு ஏற்றவனாகாமல் தூக்கத்திலேயே செத்துப்போனால் நித்திய நரகம்தானே என்று, கண்ணை மூடப் பயந்து விழித்துக்கிடந்ததைப் பின்னாளில் அவனே எழுதிவைத்திருக்கிறான். கண்மூடினால் தீர்ப்பு நாள் கனவு. ஆக, எந்தக் கைகள் நடுராத்திரியில் அவனை ஜன்னலுக்குத் தூக்கிப்போயினவோ, அவன் தூக்கம் கெட்டதற்கும் அந்தக் கைகள் பாதிக் காரணம். இதற்காக அவளைத் திட்டி எழுதியவர்கள் உண்டு. நானும் அதை மன்னிக்கத் தயாரில்லை. அதற்காக அந்த ஜன்னலை இல்லையென்று சொல்லவும் தயாரில்லை. அவளுக்கு அதில் கொடுமை தெரியவில்லை. நெருப்பு இருப்பது நிஜம் என்று நம்புகிறவள், பிள்ளையிடம் சொல்லாமல் இருப்பாளா? அவனை விசுவாசியாக்கத்தான் அவ்வளவு பாடும் பட்டாள். 1873இல், இருபத்திரண்டு வயதில், எனக்கு அந்த நம்பிக்கை இல்லை என்று அவன் அப்பாவிடம் ஒப்புக்கொண்டபோது வீடே இடிந்துபோயிற்று.

அவள் கொடுக்க நினைத்ததை அவன் வாங்கிக்கொள்ளவில்லை, பார். மதத்தை விட்டுவிட்டு, அதைச் சொன்ன குரலை எடுத்துக்கொண்டான். உன் கவலைக்கு இதில் பதில் இருக்கிறது. கீழ்வீட்டுப் பையனுக்கு உன்னிடமிருந்து என்ன போய்ச்சேரும் என்பதை நீ தீர்மானிக்க முடியாது. அவனுக்குச் சமமாகப் படிக்கவேண்டும் என்று ராத்திரி உட்கார்ந்து விண்வெளிப் புத்தகம் புரட்டுவது வீண்வேலை. அலிசனுக்கும் ஸ்டீவன்சனுக்கும் அறிவில் போட்டி வந்திருந்தால் பத்து வயதுக்குள் அவன் ஜெயித்துவிட்டு வேறு ஆளைத் தேடியிருப்பான். கீழ்வீட்டுப் பையன் நிலவுகளைச் சொல்லும்போது நீ நிஜமாகவே தெரியாமல் கேள். நடுவில், அங்கே யாராவது இருந்தால் நம்ம பூமி எப்படித் தெரியும் என்று கேட்டுப்பார்.

பின்னாளில் ஸ்டீவன்சன் அலிசனை மறந்தானா என்று கேட்பாய். இருபது வயது வாக்கில் அவளுக்கு எழுதிய கடிதத்தில், அந்த நீண்ட இருமல் ராத்திரிகளையும் அவள் பொறுமையையும் ஒருநாளும் மறக்கமாட்டேன் என்கிறான். குழந்தைகளுக்கான பாட்டுப் புத்தகம் ஒன்றைத் தயார்செய்தபோது, இது உனக்குத்தான் சேரவேண்டும், உண்மையில் புரிந்துகொள்ளக்கூடியவள் நீ ஒருத்திதான் என்று 1883இல் எழுதினான். 1885இல் வெளிவந்த அந்தப் புத்தகம் அவள் பெயருக்கே சமர்ப்பணம். இத்தனைக்கும் அவள் சம்பளத்துக்கு வந்தவள். சம்பளம் வாங்குவதால் பாசம் பொய்யாகிவிடுமோ என்ற கூச்சம் உன் கடிதத்திலும் தெரிகிறது. வேண்டாம். வேலைக்காரி என்ற நினைப்பு அவளை அடக்கிவைக்கவும் இல்லை. 1863இல் குடும்பத்தோடு பிரான்சுக்கும் இத்தாலிக்கும் போனபோது, இன்னொரு ஆயாத் தோழிக்காக அவள் எழுதிய நாட்குறிப்பு 1926இல் அச்சாகியிருக்கிறது. கத்தோலிக்கத் தேசத்தின் ஒவ்வொரு சங்கதிக்கும் முகம் சுளிக்கிறாள், படித்தால் சிரிப்பு வரும்.

1894இல் அவன் சமோவாத் தீவில் நாற்பத்துநாலு வயதில் இறந்துபோனான். அவள் 1913 வரை இருந்தாள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. சோறு இறங்கவில்லை, சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்று பூச்சாண்டி, பேய், சாமி கண்ணைக் குத்தும் என்பதையெல்லாம் கையில் எடுக்காதே. இந்த மாதிரிப் பிள்ளைகள் நீ சொன்னதோடு நிறுத்துவதில்லை, மீதியை அவர்களே கட்டிக்கொள்வார்கள். ராத்திரியில் கீழ்வீட்டுப் பையன் எப்படித் தூங்குகிறான் என்று அவன் அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வை. அது தெரிந்தால், அவனுக்கு என்ன புத்தகம் வாசித்துக்காட்டலாம் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமா